மூன்றாவது சென்டர் யார்?

2025 மே 18 இரவு. பிளேஆஃப் என்ற வெளியேற்றுச் சுற்றில் முடிவு சொல்லும் ஏழாவது ஆட்டம், அதுவும் சொந்த அரங்கில். எங்கள் ரொறன்ரோவின் ஐஸ் ஹாக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ் ஃபுளோரிடா பாந்தர்ஸிடம் 6–1 என்று தோற்றது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேலே ஏறிப் போனோம். மறுநாள் விக்டோரியா தின விடுமுறை. போன இடமெல்லாம் எங்கள் நட்சத்திரங்கள் மத்யூஸுக்கும் மார்னருக்கும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. எனக்கோ அந்த இரவிலிருந்து நெஞ்சில் முள்ளாய்க் கிடப்பது வேறொரு பெயர்: அன்டன் லண்டல்.

முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேர் கொண்ட வரிசைகளாக மாறி மாறி இறங்குவார்கள், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் நிற்பவர்தான் சென்டர். லண்டல் அப்போது ஃபுளோரிடாவின் மூன்றாவது சென்டர். அவருக்கு மேலே பார்கோவ், பெனட் என்று இருவர் இருந்தார்கள். அன்று விழுந்த ஆறு கோல்களில் மூன்று லண்டலின் வரிசை போட்டவை. அவர் ஒன்று, இடமும் வலமும் நின்ற லுவோஸ்டரினனும் மார்ஷாண்டும் ஆளுக்கொன்று. மூன்றாவதும் கடைசியுமான பகுதியின் தொடக்கத்தில் எங்கள் டோமி அடித்து 3–1 ஆனபோது அரங்கமே எழுந்து நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, லுவோஸ்டரினன் பதில் கோல் அடித்தார். எழுந்தவர்கள் உட்காரவும் நேரம் இல்லை. எங்கள் முதல் இரண்டு சென்டர்களை அவர்களுடைய முதல் இருவர் கட்டிப்போட்டார்கள். கணக்கை முடித்தது மூன்றாமவர்.

ஓர் அணியின் சென்டர் பலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் உடனே முதல் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டம் 60 நிமிடம். முதலாமவர் 20 நிமிடம், இரண்டாமவர் 18 நிமிடம் ஆடினால் மீதி 22 நிமிடம் யார் கையில்? நான் அணியை எடைபோடத் தொடங்குவது அங்கேதான்.

என் மகன் விளையாடும் சிறுவர் அணியும் சென்டர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. காலை ஆறு மணி, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கையில் தேநீருடன் நிற்கிறேன். நடுவர் பக்கை, அதாவது ரப்பர் வட்டை, போடும் வட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகள் குனிந்து நிற்கிறார்கள். கீழ்க்கை மட்டையின் அலகுக்கு அருகே இறங்கிப் பிடித்திருக்கிறது, கண் எதிராளியின் கையில் இல்லை, நடுவரின் கையில் இருக்கிறது. பக் விழுந்த பிறகு மட்டையை அசைப்பவன் தோற்றுவிடுகிறான். வென்றவன் அதைப் பின்னால் தள்ளிவிட்டு ஓய்வெடுக்க முடியாது. தன் கோல் வாசலுக்குத் திரும்பி ஓடித் தடுக்க வேண்டும், பிறகு எதிர்முனைக்கும் முதல் ஆளாகப் போக வேண்டும். ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் காவல் போதும், சென்டருக்கு மூச்சுவிட இடமில்லை. லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் விதிப்படி, தன் எல்லைக்குள் பக் போடப்படும்போது தற்காக்கும் அணியின் ஆள்தான் முதலில் மட்டையைப் பனியில் வைக்க வேண்டும். அது சின்னப் பாதகந்தான். ஆனால் ஒரு கோல் முன்னணியோடு கடைசி நிமிடத்தில் அந்தப் புள்ளிக்கு யாரை நம்பி அனுப்புவீர்கள் என்பதில்தான் ஆழம் தெரியும். 2025இல் எங்கள் சென்டர்களான மத்யூஸ், டவாரஸ், டோமி, லாட்டன் நால்வருமே இடக்கைக்காரர்கள். வலக்கைக்காரர் இல்லாததால் வலப்பக்கத்து வட்டங்களில் எங்களுக்கு எப்போதுமே சங்கடமாக இருந்தது.

நான் வைக்கும் பரீட்சை எளிது. பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பேன். 2021இல் அந்தப் பரீட்சை தானாகவே வந்தது. மொன்றியலுடன் பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டத்திலேயே எங்கள் இரண்டாவது சென்டர் டவாரஸ் விழுந்து, எதிராளியின் முழங்கால் தலையில் பட்டுத் தூக்குப்படுக்கையில் போனார். அன்று தொலைக்காட்சி முன்னால் என் அம்மாகூடக் கைகூப்பிக்கொண்டிருந்தார். ஓரத்திலும் ஆடிவந்த கெர்ஃபுட் இரண்டாவது சென்டரானார். தொடரில் 3–1 என்று முன்னால் இருந்தும் கடைசி மூன்றையும் தோற்றோம். அந்தப் பருவத்தில் 41 கோல் அடித்திருந்த மத்யூஸ் ஏழு ஆட்டத்தில் அடித்தது ஒன்றே ஒன்று. அவரை நிழல்போல ஒட்டிக்கொண்டவர் மொன்றியலின் ஃபிலிப் தனோ. பருவம் முழுக்க 5 கோல் மட்டும் போட்ட ஒரு சென்டர்! கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தரம் பிரிப்பவர்கள் தனோவை எங்கே வைப்பார்கள்?

எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். நாசிம் காட்ரி. அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009இல் ரொறன்ரோ முதல் சுற்றில் ஏழாவதாகத் தேர்ந்தெடுத்த பிள்ளை, லெபனான் வேர் கொண்ட குடும்பம், ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தவர். மத்யூஸ், டவாரஸ் இருவருக்கும் கீழே மூன்றாவதாக அவர் நின்ற 2018–19 பருவம்தான் நான் பார்த்த லீஃப்ஸில் மிக ஆழமான நடுப்பகுதி. பொஸ்டனுக்கு எதிராக இரண்டு வருடம் தொடர்ந்து பிளேஆஃபில் தடை வாங்கினார், உண்மை. கோபம் எனக்கும் இருந்தது. அதற்காக, வருடம் 45 லட்சம் டொலர் மட்டுமே வாங்கிய ஒருவரை 2019 ஜூலையில் கொலராடோவுக்கு அனுப்பியது தவறு. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். 2022 இறுதித் தொடரில், பெருவிரல் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய முதல் ஆட்டத்திலேயே கூடுதல் நேர வெற்றிக் கோலை அடித்தார். என்எச்எல் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்றார். அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். வேறு நாட்டிலிருந்து வந்து இங்கே பிள்ளை வளர்ப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய காட்சி என்று சொல்லத் தேவையில்லை. கிண்ணம் மட்டும் எங்கள் ஊருக்கு வரவில்லை, 1967க்குப் பிறகு வரவேயில்லை.

காட்ரி போன பிறகு அந்த இடத்தை நாங்கள் கடன் வாங்கித்தான் நிரப்பிவருகிறோம். 2021இல் டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமையைக் கொடுத்து ஃபொலினோ, அவர் கோடையில் போய்விட்டார். 2023இல் ஓரைலி, அவர் இருந்த சில மாதங்களில்தான் 2004க்குப் பிறகு பிளேஆஃபில் ஒரு சுற்றைத் தாண்டினோம், அவரும் கோடையில் போய்விட்டார். 2025 மார்ச்சில் லாட்டன், இன்னொரு முதல் சுற்றுத் தேர்வுரிமை. வீட்டில் நெல் விதைக்காமல் வருடா வருடம் அரிசி கடன் வாங்கினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

பணம் இல்லை என்பார்கள். 2024–25இல் ஓர் அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பு 8 கோடியே 80 லட்சம் டொலர், அதில் பாதிக்கு மேல் நான்கு முன்கள வீரர்களுக்கே போனது. லண்டலின் ஒப்பந்தம் வருடம் 50 லட்சம். அவர் 2020இல் 12ஆவதாக எடுக்கப்பட்டவர். ஃபுளோரிடா அவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டது, பார்கோவுக்குக் கீழே நின்று வளர விட்டது. அவ்வளவுதான் இரகசியம்.

மார்னர் வேகாஸுக்குப் போனபோது பதிலாக நிக்கோலா ரோய் வந்ததை நான் வரவேற்றேன். வலக்கைக்காரர், 2023இல் வேகாஸுடன் கிண்ணம் வென்றவர், தன் எல்லையில் நம்பி அனுப்பக்கூடியவர். டவாரஸ் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டதும் நல்லதே. ஆனால் 2025இலேயே அவருக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. அவருக்கு அடுத்து அந்த இடத்தில் நிற்கப்போகும் இளைஞன் யார் என்று கேட்டால், நான் நம்பியிருந்த பெயர் ஃபிரேசர் மின்டன். அப்போது இருபது வயதுச் சென்டர், இரண்டாம் சுற்றில் நாங்களே தேர்ந்தெடுத்தவர். அவரை 2025 மார்ச்சில் பின்கள வீரர் கார்லோவுக்காகப் பொஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது என் மகன் பயிற்சி முடிந்து காரில் காலணியை மாற்றிக்கொண்டிருந்தான். "அப்பா, மின்டன்தான் எங்கள் மூன்றாவது சென்டராக வருவார் என்று சொன்னீர்களே?" என்றான். காரைக் கிளப்பினேன். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.