வாட்சன் வீட்டுப் பிள்ளைகள்
குழந்தை உளவியல் படித்தவர்கள் மற்றவர்களைவிட நல்ல பெற்றோராக இருப்பார்கள் என்று இணையத்தில் படித்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜான் வாட்சன் ஒரு காலத்தில் உளவியலில் மிகப் பெரிய பெயர். குழந்தையைக் கட்டியணைக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும் என்று பெற்றோருக்காக 1928-இல் ஒரு புத்தகமே எழுதினார். சொந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டார். அப்பா பாசத்தைக் காட்டியதே இல்லை, அது தன்னையும் அண்ணனையும் வெகுவாகப் பாதித்தது என்று மகன் ஜேம்ஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். தன் கொள்கைமேல் வாட்சனுக்கு இருந்த அசையாத நம்பிக்கைதான் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டது. அதற்காகப் படிப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. என் அக்கா குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். களைத்துப்போய் வீடு திரும்பும் நாளில் மகன் அடம் பிடித்தால் அவரும் எல்லா அம்மாக்களையும்போலக் கத்தத்தான் செய்கிறார். ஆனால் கோபம் தணிந்ததும் அவனிடம் போய், கத்தியது தப்பு என்று சொல்லிவிடுவார். நாங்கள் வளர்ந்தபோது பெரியவர்கள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அப்புறம், பிள்ளை பெறாதவர்களுக்குக் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். டொனால்ட் வின்னிகாட்டுக்குக் குழந்தை இல்லை. ஆனால் குழந்தை மருத்துவராகப் பல ஆண்டுகள் தாய்மார்களையும் குழந்தைகளையும் பக்கத்தில் இருந்து கவனித்தவர். தாய் குறையே இல்லாதவளாக இருக்க வேண்டியதில்லை, ஓரளவு நல்லவளாக இருந்தாலே போதும், அவளுடைய சின்னச் சின்னத் தவறுகளும் குழந்தை வளர உதவுகின்றன என்று அவர்தான் சொன்னார்.