காலியாக வைப்பதும் அணையின் வேலைதான்

ஹைதராபாத்துக்கு மேலே மூசி ஆற்றில் உள்ள உஸ்மான் சாகர் அணையின் மதகுகளைத் திறந்த காணொளிக்குக் கீழே நடந்த கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘குடிக்கிற தண்ணீரை மூசியில் கொட்டி வீணடிக்கிறார்கள்’ என்ற ஒற்றை வரியை ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் வைக்கத்தான் திறக்கிறார்கள் என்று நான் எழுதிய விளக்கத்துக்குக் கிடைத்த மறுமொழி, ‘பெரியவர் பழங்கதை பேசுகிறார்’ என்பது. இருக்கட்டும், பழங்கதையையே பேசுகிறேன்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஹைதராபாத்துக்குள் புகுந்தபோது, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்தன. ஓர் ஏரியின் தண்ணீர் அடுத்த ஏரியின் கரையை உடைத்துக்கொண்டு ஊரை நோக்கி வந்தது. அஃப்சல் கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறியவர்கள் ஏறத்தாழ 150 பேர் பிழைத்தார்கள் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள், மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். மறு ஆண்டு அழைக்கப்பட்டு வந்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா, ஊருக்கு மேலே மூசியிலும் அதன் கிளையான ஈசியிலும் அணை கட்டி, வருகிற வெள்ளத்தைத் தேக்கி நிதானமாக வெளியேற்ற வேண்டும் என்றார். அப்படி வந்ததுதான் 1920இல் உஸ்மான் சாகர், 1927இல் ஹிமாயத் சாகர். குடிநீர் அதன் கூடுதல் பயன். கட்டியதற்குக் காரணம் வெள்ளம். முழுக் கொள்ளளவான 3.9 டிஎம்சியும் நிரம்பிய உஸ்மான் சாகர் அடுத்த மழைக்கு வெறும் வேடிக்கை பார்க்கத்தான் முடியும் என்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. விளிம்புவரை நிரம்பிய குடத்தைப் பார்த்திருந்தால் போதும்.

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன்தான். வேலை நிமித்தம் அந்த ஊருக்குப் போன முதல் மழைக்காலத்தில், உஸ்மான் சாகரின் கண்டிப்பேட்டைக் கரையில் நின்றுகொண்டு, ‘ஏனய்யா இப்படித் திறந்து விடுகிறீர்கள்’ என்று மதகுக் காவலரிடம் கோபப்பட்டேன். அவர் மேற்கே கறுத்திருந்த வானத்தைக் காட்டி, ‘அதற்கு இடம் வேண்டாமா சார்’ என்றார். எனக்கு அன்றே விளங்கியது. எனக்குப் பதில் எழுதியவர்களுக்கு ஏன் விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

‘கோடையில் தண்ணீர் இல்லாவிட்டால் நீ தருவாயா’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எவ்வளவு வைப்பது, எப்போது விடுவது என்பதில் அதிகாரிகள் தவறு செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் திறப்பதே குற்றம் என்பது வேறு பேச்சு. ‘தமிழனுக்குத் தெலங்கானா அணையைப் பற்றி என்ன’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பதினொரு ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவன் என்பது போதாதென்றால், வேறு தகுதி என்னிடம் இல்லை.

இந்த ஏரிகளின் மீது திடீர்ப் பாசம் கொண்டவர்கள், அவற்றைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்திய 1996ஆம் ஆண்டின் 111ஆம் எண் அரசாணை 2022இல் விலக்கிக்கொள்ளப்பட்டபோது எங்கே இருந்தார்கள்? அந்த ஆணைக்கு உட்பட்டிருந்த 84 கிராமங்களின் மண்ணைப் பற்றி அன்று நான் எழுதிய பதிவுக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் என் தம்பி.