நத்லவுங் சவுங்: செங்கல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்

பர்மாவின் பழைய தலைநகரான பாகனில் உள்ள நத்லவுங் சவுங் பெருமாள் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்கு நன்றி ஐயா. ஆனால் படத்துக்குக் கீழே அதைச் "சோழர் பாணிக் கோயில்" என்று போட்டிருப்பதையும், தமிழ்க் கல்வெட்டில் வரும் விண்ணகர் அதுதான் என்று எழுதியிருப்பதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் ரங்கூன்காரன். போன தையில் பிள்ளைகளோடு போயிருந்தேன். நம் கோயில் மாதிரி தனிக் கருவறை கிடையாது. நடுவில் சதுரமாக ஒரு பெரிய செங்கல் தூண், நாலு பக்கமும் பெருமாள் நின்ற கோலம், சுற்றிவர நடை. தலைக்கு மேலே பார்த்தால், செங்கற்கள் விசிறி மடிப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வளைவைத் தாங்குகின்றன. தமிழ்நாட்டுக் கற்கோயிலில் தூண் நிறுத்தி, உத்திரம் கிடத்தி, மேலே பலகைக்கல் பாவுவார்கள். இந்த வளைவு பாகன் கொத்தனாரின் கைவேலை. அந்தப் பெருமையை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். வெளிச்சுவரில் தசாவதாரத்துக்குப் பத்து மாடம்; சிலவற்றில் இன்று சிலை இல்லை. முன்மண்டபம் போயே போச்சு.

தமிழுக்கு அங்கே சாட்சி வேண்டுமென்றால் பாகனை ஒட்டிய மியின்கபா ஊரில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறதே! மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி, நானாதேசி விண்ணகருக்கு, அதாவது நானாதேசி வணிகர்களின் பெருமாள் கோயிலுக்கு, மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்ததாகத் தமிழிலேயே வெட்டியிருக்கிறார். வாசிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த விண்ணகர்தான் நத்லவுங் சவுங் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. படத்துக்குக் கீழே உள்ள வரியையாவது திருத்திவிடுங்கள் ஐயா, இங்கே எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.