பாலத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

தெரிந்த தம்பி ஒருவன் போன வாரம் யாங்கோன் (பழைய ரங்கூன்) வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். எந்தப் பகுதிக்குப் பல்கலைக்கழகம் பக்கம், எதற்குத் தூரம் என்று காட்டும் படம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை பச்சை, பிறகு மஞ்சள், அதையும் தாண்டினால் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் முதலில் தேடியது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டலாவை. பச்சை! நகர நடுவில் லான்மடோவில் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு எதிர்க்கரைதானே, கோடு போட்டால் பக்கம்தான். நடுவில் ஓடுகிற ஆற்றைத்தான் தம்பி மறந்துவிட்டான். பான்சோடான் துறையில் படகுக்குக் காத்து நிற்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

அது சின்னத் தவறு, திருத்திவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. அந்தச் சிவப்பையெல்லாம் ஏதோ ஊர் வளர்ந்ததால் வந்த தூரம் என்று அவன் நினைத்திருந்தான்.

இல்லை. 1988-இல் ராணுவ ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் முன்னே நின்றவர்கள் மாணவர்கள். 1996 டிசம்பரில் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அதற்கப்புறம் வருடக்கணக்கில் வகுப்புகள் பூட்டிக் கிடந்தன. திறந்தபோது இளங்கலைப் பிள்ளைகள் தகோன், கிழக்கு யாங்கோன், மேற்கு யாங்கோன் பல்கலைக்கழகங்கள் என்று ஊர் ஓரத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1920-இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் 2013 கடைசியில்தான் இளங்கலை மாணவர்களைத் திரும்பச் சேர்த்தது. அந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலிருக்கும் லேடான் முனையில் நூறு பேர் கூடினால் ஊரே பார்க்கும். வயல்வெளியில் கூடினால் யார் பார்ப்பது? அந்தத் தூரம் வேண்டுமென்றே வைத்த தூரம் என்றுதான் நான் சொல்வேன்.

நான் படித்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், டலா ஆறு இல்லை, பாலம் உள்ள பகோ ஆறு, சிரியம் வழியில். (தன்லின் என்று எழுதினால்தான் இப்போது புரியும், எங்கள் வீட்டில் இன்றும் சிரியம்தான்.) வீடு நகருக்குள், பசுண்டௌங்கில். இருட்டோடு எழுந்து, அம்மா கட்டிய சோற்று டப்பாவோடு லைன் காரில் (வழியெல்லாம் ஆள் ஏற்றும் வண்டி) தொற்றி, பாலம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். சிரியத்தில் இருந்த பெரியம்மா மகள் அதே வகுப்புக்குச் சைக்கிளில், தலை கலையாமல் வருவாள். எனக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை. மருத்துவம் கிடைத்திருந்தால் அப்படியே தலைகீழ், அவள்தான் பாலம் தாண்டியிருப்பாள். பல்கலைக்கழகத்தைப் புள்ளியாக வைத்து வரைந்தால் இதெல்லாம் தெரியாது. பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் எதில் போவது என்பது. மாண்டலேயில் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். இங்கே 2003 முதல் நகருக்குள் அதற்குத் தடை. 2017 ஜனவரியில் ஒய்பிஎஸ் என்ற யாங்கோன் பஸ் சேவை வந்து பஸ்களுக்குப் புது எண் போட்டு ஒழுங்கு பண்ணினார்கள், சரி. ஆனால் அடுத்த பஸ் எப்போது என்று நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வசதி உள்ள வீடுகள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஃபெரி பிடிக்கின்றன. ஃபெரி என்றால் படகு இல்லை, மாதக் காசுக்கு வீட்டிலேயே வந்து ஏற்றிப்போகும் வண்டி. அதற்கான காசு இருக்கிற வீட்டுக்கு ஒரு வரைபடம், இல்லாத வீட்டுக்கு வேறு வரைபடம்.

திரும்பி வருவதை யாரும் வரைவதே இல்லை. விளக்கு வைத்த பிறகும் பெண் வீடு வரவில்லை என்றால் எங்கள் தெருவில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். மார்க் இருந்தும் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். படிப்பில் ஆசை குறைந்து போனவர்கள் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பாலத்தில் வண்டி நகராது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி மடிக்கணினியைத் திறந்து பசுண்டௌங்கில் புள்ளி வைத்தான். காலை ஆறு மணி, பஸ், நடுவில் ஒரு தடவை பஸ் மாறுவது. பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பானது. "அக்கா, மழை நாளுக்கு எத்தனை நிமிஷம் கூட்டட்டும்?" என்றான். ஃபெரி ஓட்டுகிற அண்ணனிடம் கேள் என்று நம்பர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.