கையெழுத்து வைத்தால் சம்மதமாகிவிடுமா?

"தாய்தான் கையெழுத்து வைத்துவிட்டாளே, பிறகென்ன?" பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் கதை வரும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் இப்படித்தான் பேச்சை முடிக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இலங்கையில் தத்தெடுப்பை ஆளும் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் கையெழுத்தோடு திருப்திப்படுவதில்லை. பிள்ளை மீதான உரிமை நிரந்தரமாகவே போய்விடும் என்று விளங்கிக்கொண்டுதான் பெற்றவர் சம்மதிக்கிறாரா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். அனுமதியின்றிப் பணமோ வேறு கைம்மாறோ வாங்கப்படவில்லை என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளையென்றால் அந்தப் பிள்ளையும் சம்மதிக்க வேண்டும்.

ஒருமுறை ஓர் அலுவலக விறாந்தையில் ஒரு தாயைக் கண்டேன். இருபது வயதுகூட இராது. கட்டிய பால் சட்டையை நனைத்திருந்தது. அதைச் சால்வையால் மறைத்தபடி இருந்தாள். பக்கத்தில் அவளுடைய பெரியம்மா, "கேட்டால் ஓம் என்று மட்டும் சொல், வேறொன்றும் கதைக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள். மணமாகாமல் பெற்ற பிள்ளை. ஊர்வாய்க்கு அஞ்சிய குடும்பம். அந்தப் பெரியவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று ஏற்க என் மனம் இடம் தரவில்லை.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலும் தத்தெடுப்பு உண்டு. மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கோடு, சொத்துக்கு உரித்தாகக்கூடிய சகோதரர்களின் சம்மதத்தையும் அது கேட்கிறது. முதுசம் என்னும் பரம்பரைச் சொத்து எங்கே போகும் என்பதே அங்கே பெரிய கவலை. இன்றும் எங்கள் வீடுகளில் சித்தப்பா, மாமா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என்று எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டு முடிந்த பிறகுதான் பெற்றவளின் முறை வருகிறது.

இதைவிட மோசமானது, பிறப்புப் பதிவிலேயே வளர்க்கப்போகிறவர்களைத் தாய் தகப்பனாகப் போட்டுவிடுவது. "வழக்கு, அலைச்சல் ஒன்றுமில்லை" என்று அதற்கு யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது குற்றம். பெற்றவள் இருந்ததற்கான தடயமே அங்கே அழிந்துபோகிறது. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை எந்தக் கோப்பைத் தேடிப் போகும்? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் இன்று போலி ஆவணங்களை வைத்துக்கொண்டு தாயைத் தேடி அலைகிறார்கள்.

தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாதபோது அவருடைய சம்மதம் இல்லாமலே தத்தெடுப்புக் கட்டளை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும். "அவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடு, வேலை சுலபம்" என்று, இன்னும் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தத்தெடுப்புக்கு நான் எதிரியல்ல. பிள்ளைக்கு ஏங்கும் வீடுகளையும் வீட்டுக்கு ஏங்கும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். நான் கேட்பது இதுதான்: தத்தெடுப்பை விசாரிக்கும் அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தர் பெற்றவளிடம் தனியே பேச வேண்டும். உறவினர் எவரும் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. "உதவி கிடைத்தால் பிள்ளையை நீயே வளர்ப்பாயா?" என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் ஓம் என்றால் அந்த உதவிக்கு வழி தேட வேண்டும். படிவத்தை அவள் முன் வைக்கக் கூடாது.