சார்ல்ஸ்டன் மெட்டைப் போட்டவர் ஜேம்ஸ் பி. ஜான்சன்

1920களின் அமெரிக்கா என்றாலே ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். முத்துமாலை, குட்டையாக வெட்டிய முடி, ஷாம்பெயின் கோப்பை, பணக்கார வீட்டுத் தோட்டத்தில் விடிய விடிய ஆட்டம். அந்த ஆட்டம் பெரும்பாலும் சார்ல்ஸ்டன் என்ற நடனமாக இருக்கும். அதை ஊர் ஊராகக் கொண்டுபோன மெட்டு யாருடையது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

அது ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற கறுப்பினப் பியானோ கலைஞருடையது. சவுத் கரோலினாவிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர்கள் இரவில் ஆடுவார்கள், இவர் அவர்களுக்கு வாசிப்பார். அப்படி வளர்ந்த தாளம் 1923இல் 'ரன்னின் வைல்ட்' என்ற இசை நாடகத்தில், நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில், மேடையேறியது. அதில் நடித்தவர்களும் கறுப்பினக் கலைஞர்களே. அதற்குப் பிறகுதான் நாடே அந்த ஆட்டத்தை ஆடியது.

ஜாஸ் யுகம் என்று சொல்லப்படும் அந்த 1920களின் மையம் எது என்று என்னைக் கேட்டால், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் வாடகை விருந்துகளைத்தான் காட்டுவேன். கறுப்பின மக்களுக்கு நகரத்தின் பெரும்பகுதியில் வீடு கிடைக்காது. அதனால் ஹார்லெமில் வீட்டுக்காரர்கள் வைத்ததே வாடகை. சம்பளமோ வெள்ளையர்களைவிடக் குறைவு. மாதக் கடைசியில் என்ன செய்வது? சின்ன அட்டைகளை அச்சடித்து அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். நாற்காலி, மேசையை ஒதுக்கிவிட்டு ஒரு பியானோ கலைஞரை வரவழைப்பார்கள். வாசலில் சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். பொரித்த மீனும் கள்ளச் சாராயமும் அங்கேயே விற்கும். சேர்ந்த காசு வாடகைக்குப் போகும். ஜான்சனும் அவருடைய சீடர் ஃபேட்ஸ் வாலரும் இந்த வீடுகளில்தான் ஒருவரை ஒருவர் மிஞ்சி வாசித்தார்கள். வேலைக்காரப் பெண்களும் சுமை தூக்குபவர்களும் கேட்டு ஆடிய சங்கீதம் அது. அந்தச் சந்தோஷத்தைப் பணக்காரத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில், காட்டன் கிளப் என்ற இரவு விடுதி இருந்தது. நடத்தியவர் ஓனி மேடன் என்ற தாதா. மதுவிலக்குக் காலத்தில் அவருக்குச் சாராயம் விற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். மேடையின் பின்னணியே அடிமைக் காலத்துப் பருத்தித் தோட்டம்போல இருக்கும். 1927 டிசம்பரில் ட்யூக் எல்லிங்டன் என்ற கறுப்பின ஜாஸ் கலைஞர் அங்கே வாசிக்கத் தொடங்கினார். வானொலி அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடையில் வாசித்தவரின் சொந்தக்காரர்கள் அதே அரங்கில் காசு கொடுத்து உட்கார முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே தெருவில் 1926இல் திறந்த சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் இரண்டு இனத்தவரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அப்படி நடத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்புறம் பணம். 1920இல் கறுப்பினப் பாடகி மாமி ஸ்மித் பாடிய, கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாடல்வகை இசைத்தட்டு சக்கைப்போடு போட்ட பிறகுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே அவர்களுக்கு விற்க 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பட்டியல் போட்டார்கள். 1923இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாட வந்த ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அவருக்குக் கிடைத்தது பதிவுக்கு இவ்வளவு என்ற ஒரே தொகை, விற்பனையில் பங்கு தரும் ராயல்டி கிடையாது. 1937இல் கார் விபத்தில் இறந்தார். 1970இல் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் இன்னொரு பெண்மணியும் பணம் போடும்வரை அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

"அது சுதந்திரத்தின் காலம், பெண்கள் தலைநிமிர்ந்த காலம்" என்பார்கள். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது உண்மை. தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது காகிதத்தோடு நின்றது. 1925இல் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் தலைநகர் வாஷிங்டனில் பட்டப்பகலில் ஊர்வலம் போனார்கள். அதுவும் இதே ஜாஸ் யுகம்தான்.

இனி அந்தக் காலத்தைக் கொண்டாட நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜான்சன் 1921இல் பதிவுசெய்த 'கரோலினா ஷவுட்' என்ற பியானோ இசை இணையத்தில் கிடைக்கிறது, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பியானோ ரோலை, அதாவது தானியங்கிப் பியானோவை வாசிக்கவைக்கும் துளையிட்ட காகிதச் சுருளை, மெதுவாக ஓடவிட்டு, தானாக அமுங்கும் கட்டைகளில் விரலை வைத்துத்தான் இளம் எல்லிங்டன் அதைக் கற்றுக்கொண்டார். வாடகை விருந்துக்கு வாசிக்க வருபவர்களை எடைபோட்டதும் இந்த இசையை வைத்துத்தான். முதல்முறை கேட்கும்போது இடது கையை மட்டும் கவனியுங்கள்.