மேசையில் கிடந்த அனுமதிக் கடிதம்

தேசியப் பூங்காவுக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்றால், அதையும் மனமார ஏற்பேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வழங்கலாம் என்று 28ஆவது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. என் ஆற்றாமையெல்லாம் விண்ணப்பம் கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றியதுதான்.

பள்ளி மாணவர்கள் 22 பேரை ஒருநாள் பறவை நோக்கலுக்கு அழைத்துச் செல்ல, மலையடிவாரத்து அலுவலகம் ஒன்றில் இரண்டு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்தேன். முதலில் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். அதைக் கொண்டுபோனபோது ஒவ்வொருவருடைய ஆதார் நகலும் வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது, தலைமையாசிரியரின் முத்திரை மங்கலாக இருக்கிறது என்று முழுக் கட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். தேவையான ஆவணங்களின் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

பயணத்துக்கு முந்தைய நாள் மாலை நாலரை மணிக்குத்தான் கடிதம் கைக்கு வந்தது. அதற்குள், உறுதி சொல்ல முடியாததால், வேன் ஓட்டுநர் வேறு சவாரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். கையொப்பத்தின் கீழே நீல மையில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். அது 12 நாள்களுக்கு முந்தையது. பைனாகுலரை இரவல் வாங்கி வைத்துக் காத்திருந்த பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன்?